கல்லாவுக்கு இந்தப்புறம் – 9: இரண்டு செப்டம்பர்களுக்கு நடுவே

சென்ற வாரம் 1947-இல் கதையை நிறுத்தினோம்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் பிரதமர். (அந்நாளில் மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள்.) அவர் காலத்துச் சட்டசபை, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை நிறைவேற்றியது. நாளைக்கு 8 மணி நேர வேலை, வாரத்துக்கு 48 மணி நேரம். வாரம் ஒரு நாள் விடுமுறை. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். ஓராண்டு உழைத்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு. இன்றைக்கு ஏதாவது ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்று இந்தப் பட்டியலை வாசித்துப் பாருங்கள். உள்ளே நிற்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அந்தச் சட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்ததையும் பார்த்தோம். அதை நிறைவேற்றிய சபை 1946 தேர்தலில் உருவானது. அந்தத் தேர்தலில் சொத்து, வரி, படிப்பு இவற்றைப் பார்த்துத்தான் ஓட்டு. கடையில் நின்று மாதத்துக்குச் சில ரூபாய் வாங்கிய பையனுக்கு ஓட்டே கிடையாது. சென்னைச் சட்டத்துக்கு முன்னோடியான பம்பாய்ச் சட்டமும் அப்படித்தான். 1937 தேர்தலில் வென்ற பி.ஜி. கெர் அமைச்சரவை 1939-இல் அதைக் கொண்டுவந்தது. கடைத் தொழிலாளிக்கென்று இந்தியாவில் எழுதப்பட்ட முதல் சட்டம் அது.

ஆக, ஓட்டு இல்லாத காலத்தில் அவனுக்குச் சட்டம் கிடைத்தது. 1952-இல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தது. கடைப் பையனும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டான். அதற்குப் பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது?

இந்தக் கேள்வியோடுதான் எழுபது ஆண்டுகளைத் தாண்டி 2019-க்கு வருகிறோம்.

*

ஊர் ஒன்று, ஓட்டு ஒன்று

இந்தத் தொடர் அடிக்கடி இளையரசனேந்தலுக்குத் திரும்பி வருவதற்குக் காரணம் உண்டு.

கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் மண்ணில் இருக்கிற பழைய ஜமீன் ஊர். நெடுங்காலம் சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்தது. பிறகு இந்தப் பிர்காவைக் கோவில்பட்டி தாலுகாவோடு, தூத்துக்குடி மாவட்டத்தில் சேர்த்தார்கள். ஆனால் ஊராட்சி ஒன்றியம் குருவிகுளமாகவே நின்றது. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிறந்தபோது குருவிகுளம் அந்தப் பக்கம் போயிற்று. பட்டாவுக்கு ஒரு மாவட்டம், ஊராட்சி வேலைக்கு வேறொரு மாவட்டம். எங்களைக் கோவில்பட்டி ஒன்றியத்தில் சேருங்கள் என்று இந்தப் பிர்காவின் ஊராட்சிகள் பல ஆண்டுகள் மனுக் கொடுத்தன.

மனுவுக்குப் பலம் இருந்தது. ஏனென்றால் கேட்டது ஒரு ஊர், ஒரு பிர்கா. எத்தனை ஓட்டு என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். எந்த வேட்பாளரும் அந்தக் கோரிக்கையைக் கேட்காமல் அங்கே ஓட்டுக் கேட்க முடியாது.

இதே கரிசல் வட்டாரத்திலிருந்து ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகள் கடைகளில் நிற்கப் போகிறார்கள். மழை பொய்த்த ஆண்டில் மானாவாரி மக்காச்சோளமும் உளுந்தும் கைகொடுப்பதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் கூலி போதவில்லை. கோவில்பட்டி பஜாருக்குத் தினம் பஸ்ஸில் போய்வருகிறவர்கள் ஒரு பக்கம். மதுரை, கோவை, சென்னை தியாகராய நகர் என்று ஹாஸ்டலில் தங்கி நிற்பவர்கள் இன்னொரு பக்கம். 2010-இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ வந்தபோது தென்மாவட்டங்களில் பலர் அதைப் படமாகப் பார்க்கவில்லை. சொந்தக்காரர் வீட்டு ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி பார்த்தார்கள்.

அவர்களுக்கும் ஓட்டு உண்டு. ஆனால் அந்த ஓட்டு ஊரில் இருக்கிறது. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு அங்கே நிற்கிற பிள்ளைகள் வாக்காளர்கள் இல்லை. இளையரசனேந்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு அவர்கள் கடைத் தொழிலாளர்கள் இல்லை. இன்னார் மகள், இன்னார் பேரன், இன்ன சாதி, இன்ன தெரு. அவ்வளவுதான்.

விவசாயிக்குத் தொகுதி உண்டு. நெசவாளிக்கும் மீனவருக்கும் உண்டு. தீப்பெட்டித் தொழிலுக்குக்கூடக் கோவில்பட்டியில் குரல் உண்டு. கடையில் நிற்பவருக்குத் தொகுதி இல்லை. 2019-க்கும் 2021-க்கும் இடையில் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

*

ஒரே ஆண்டில் இரண்டு தாள்கள்

2019 மே 23. மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. தமிழகத்தில் தேர்தல் நடந்த 38 தொகுதிகளில் 37-ஐ தி.மு.க. கூட்டணி அள்ளியது. அதே நாளில் 22 சட்டமன்றத் தொகுதிகளின் இடைத்தேர்தல் முடிவும் வெளிவந்தது. தி.மு.க.வுக்கு 13, அ.தி.மு.க.வுக்கு 9. இளையரசனேந்தலுக்கு எட்டிய தொலைவிலேயே இரண்டு. விளாத்திகுளம் ஆளுங்கட்சிக்கு, ஒட்டப்பிடாரம் எதிர்க்கட்சிக்கு.

அந்த ஒன்பதுதான் எடப்பாடி பழனிசாமியின் அரசைக் காப்பாற்றியது. டெல்லிக்கான தேர்தலில் தோற்று, கோட்டையில் தப்பித்த அரசு. அடுத்த சோதனை 2021-இல்தான். இடையில் இரண்டு ஆண்டுகள் மூச்சு விடலாம்.

தேர்தல் நடத்தை விதிகள் விலகின. மையும் காயவில்லை. ஜூன் தொடக்கத்தில் ஓர் அரசாணை வெளிச்சத்துக்கு வந்தது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகளும் நிறுவனங்களும் ஆண்டின் எல்லா நாளும், 24 மணி நேரமும் திறந்திருக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு அனுமதி.

சும்மா சொல்லக் கூடாது, நிபந்தனைகளும் இருந்தன. ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் ஓய்வு. 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் மிகைநேரச் சம்பளம். சம்பளம் வங்கிக் கணக்கில்தான் போக வேண்டும். பெண்களை இரவு 8 மணிக்கு மேல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், பாதுகாப்புத் தர வேண்டும்.

யோசனை கோட்டையில் பிறந்ததல்ல. 2016 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒரு மாதிரிச் சட்டத்துக்கு ஒப்புதல் தந்து, விரும்பிய மாநிலங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றது. கடைகள் இரவு பகலாகத் திறந்திருந்தால் வியாபாரம் பெருகும், வேலையும் பெருகும் என்பது வாதம். மூன்று ஆண்டு அது தமிழ்நாட்டின் வாசலில் கிடந்தது. ஒரு தேர்தல் முடிந்து, அடுத்த தேர்தலுக்கு நாள் நிறைய இருந்த வேளையில் உள்ளே வந்தது.

தேர்தல் அறிக்கையில் இல்லை. பிரசாரத்தில் ஒருவரும் பேசவில்லை. சட்டசபையில் விவாதிக்கவும் தேவையில்லை, ஏனென்றால் அது ஆணை. ஒரு கையெழுத்து போதும்.

முதல் தாள் இது.

*

செப்டம்பர் 4

இரண்டாவது தாளுக்கு அத்தனை வேகம் இல்லை.

2019 செப்டம்பர் 4. மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியம் கூடியது. இந்த வாரியத்தைப் பற்றிப் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அரசுத் தரப்பு, முதலாளிகள் தரப்பு, தொழிற்சங்கங்கள் தரப்பு, மூன்றும் ஒரு மேசையில் உட்காரும் இடம். எதையும் ஆணையிட முடியாது. ஆலோசனை சொல்லலாம்.

அன்றைக்கு அவர்கள் முன்வைக்கப்பட்ட பொருள்களில் ஒன்று, கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தருவது.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்துதான் அதைப் பேசினார்கள் என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை.

1947 சட்டத்தில் எல்லாம் இருந்தது, இது மட்டும் இல்லை. எத்தனை மணிக்குக் கடை திறக்கலாம், எப்போது மூடலாம், காற்று, வெளிச்சம், துப்புரவு வரை எழுதியவர்கள், நிற்கிறவன் எப்போது உட்காரலாம் என்று எழுதவில்லை. பழைய கடையில் அந்தக் கேள்வி எழவில்லை என்று நினைக்கிறேன். ஜவுளிக்கடை என்றால் வெள்ளை விரிப்பு. கடைக்காரரும் உட்கார்ந்திருப்பார், கணக்கரும் உட்கார்ந்திருப்பார், வாங்க வந்தவரும் உட்கார்ந்து புடவையைப் புரட்டுவார். மாடி மாடியாகக் கடைகள் எழுந்து, கவுண்ட்டர் உயர்ந்து, தளத்துக்கு ஒரு சூப்பர்வைசரும் தலைக்கு மேலே ஒரு கேமராவும் வந்தபோது உட்காருவது குற்றமாயிற்று. கூட்டம் இல்லாத பிற்பகலிலும் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால் திட்டு. மாடிப்படியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தால் சம்பளத்தில் கை வைப்பார்கள்.

காலையில் ஒன்பதரைக்கு ஏறி நின்றால் இரவு பத்து மணிக்குக் கடை மூடும்வரை. ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்தால் அதற்கும் மேல். கணுக்கால் வீங்கும். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைக்கும். அடிக்கடி பாத்ரூம் போனால் கேள்வி கேட்பார்கள் என்று தண்ணீர் குடிக்காமலே இருக்கிற பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று. இருபத்தைந்து வயதில் ஊருக்குத் திரும்பும்போது கால் அறுபது வயதுக் கிழவியின் கால்.

இங்கிலாந்தில் இதைப் பற்றி 1899-லேயே சட்டம் போட்டார்கள். மூன்று பெண் ஊழியர்களுக்கு ஒரு ஆசனமாவது கடையில் இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அந்தப் பெண்களுக்கும் அப்போது பாராளுமன்ற ஓட்டு கிடையாது.

நமக்கு அருகில் வழி காட்டியது கேரளம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, கடைப் பெண்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு நாற்காலி. 2014 கடைசியில் திருச்சூரின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் ஆறு பெண்கள் தொடங்கிய போராட்டம் நூறு நாளைத் தாண்டியது. 2016-இல் அங்கே ஆட்சி மாறி இடது முன்னணி வந்தது. வந்த அன்றைக்கே நாற்காலி வந்துவிடவில்லை. 2018 ஜூலையில்தான் அமைச்சரவை முடிவெடுத்தது, அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது. இடதுசாரி அரசுக்கே இரண்டு ஆண்டுக்கு மேல் பிடித்தது என்றால் பாருங்கள்.

சென்னையில் அந்த செப்டம்பர் கூட்டத்தில் என்ன நடந்தது?

சண்டை நடக்கவில்லை. மறுப்பு எழவில்லை. வாரியத்தின் உறுப்பினர்கள் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள். முதலாளிகள் தரப்பும்கூட.

எல்லோரும் சரி என்ற காரியம். செலவு அதிகம் இல்லாத காரியம். சட்டத்தில் ஒரு சிறு பிரிவைச் செருகினால் போதும். அடுத்த சட்டசபைக் கூட்டத்திலேயே முடித்திருக்கலாம்.

முடிக்கவில்லை. 2020 வந்தது. மார்ச் 25 முதல் நாடே பூட்டப்பட்டது. கடைகள் மூடின, ஹாஸ்டல்கள் காலியாயின, பிள்ளைகள் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். கடை திறந்தபின் எத்தனை பேரை மறுபடி கூப்பிடுவார்கள் என்பதே பெரிய கவலையாக இருந்தபோது நாற்காலியை யார் நினைப்பார்கள்? ஆனால் தொற்றின் மேல் மட்டும் பழி போடுவது நியாயம் இல்லை. செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் ஆறு மாதம் இருந்தது. ஆணைக்கு ஒரு கையெழுத்து கிடைத்த அதே ஆண்டில், ஆலோசனைக்கு ஓர் அலமாரிதான் கிடைத்தது.

*

செவ்வாய்க்கிழமை

2021 ஏப்ரல் 6, செவ்வாய். தமிழகம் முழுவதும் ஒரே கட்டமாக வாக்குப்பதிவு.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996-இல் சேர்த்த ஒரு பிரிவு உண்டு, 135-பி. வாக்குப்பதிவு நாளில் கடை, தொழிற்சாலை எதில் வேலை செய்கிற வாக்காளருக்கும் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும். சம்பளத்தைப் பிடித்தால் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். தேர்தல் நேரடியாக ஒரு கடைத் தொழிலாளியின் சம்பளச் சீட்டைத் தொடுகிற ஒரே இடம் இதுதான் என்று சொல்லலாம்.

அன்றைய நாட்களில் கரிசல் வீடுகளுக்கும் சென்னை ஹாஸ்டல்களுக்கும் நடுவே நடந்திருக்கக்கூடிய பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

“ஏளா, ஓட்டுக்கு வாரியா?”

“எங்கம்மா... செவ்வாக்கெழமையில்லா வருது. ஒரு நாளுதான் லீவாம்.”

“பூத் சிலிப்பெல்லாம் குடுத்துட்டுப் போயிட்டாவ. ஒன் பேரு இருக்கு.”

“வந்தா முந்தின நாளும் பிடிச்சிருவாவ, மறுநாளும் பிடிச்சிருவாவ. பஸ்ஸுக்கு வேற குடுக்கணும்.”

ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். சட்டம் தந்தது ஒரு நாள். போக ஓர் இரவு, வர ஓர் இரவு. திங்கள் இரவு கடை மூடும் முன்பே கிளம்ப வேண்டும். புதன் காலையில் தூங்காத கண்ணோடு கவுண்ட்டரில் நிற்க வேண்டும். வந்தவர்களும் உண்டு. வராதவர்கள்தான் கணக்கில் வருவதில்லை, அவர்கள் வராதது கடையினால் என்று எந்த வாக்குச்சாவடிப் பதிவேடும் சொல்லாது.

மே 2-இல் முடிவு. தி.மு.க. கூட்டணிக்கு 159. பத்து ஆண்டுக்குப் பிறகு ஆட்சி மாறியது. மே 7-இல் மு.க. ஸ்டாலின் பதவியேற்றார். தொழிலாளர் நலத்துறை திட்டக்குடி உறுப்பினர் சி.வெ. கணேசனுக்கு.

புதிய அமைச்சர் துறைக்குள் நுழைந்தால் முதலில் கேட்பது, கையில் என்ன இருக்கிறது என்றுதான். இரண்டாம் அலை உச்சத்தில். கஜானாவில் பணம் இல்லை. ஆகஸ்டில் புதிய அரசின் முதல் நிதிநிலை அறிக்கை, அதைத் தொடர்ந்து துறைவாரியாக மானியக் கோரிக்கைகள். ஒவ்வொரு துறையும் ஏதாவது ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். பணம் கேட்காத, எதிர்ப்பு வராத, நாளேடுகளில் நல்ல பெயர் வாங்கித் தருகிற ஒன்று.

அலமாரியில் அப்படி ஒன்று தயாராக இருந்தது.

*

செப்டம்பர் 6

2021 செப்டம்பர் 6, திங்கட்கிழமை. அமைச்சர் கணேசன் சட்டமன்றத்தில் ஒரு திருத்தச் சட்டமுன்வடிவை வைத்தார். 1947 சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்ப்பதுதான் அதன் உள்ளடக்கம். நாள் முழுக்க நிற்பதால் கடை ஊழியர்களுக்குப் பல உடல்நலக் கேடுகள் வருகின்றன என்று நோக்கவுரை சொன்னது. 2019 செப்டம்பர் 4 வாரியக் கூட்டத்தையும், அதன் ஒருமித்த ஒப்புதலையும் அதிலேயே குறிப்பிட்டிருந்தார்கள்.

இரண்டு ஆண்டும் இரண்டு நாளும்.

அந்த மாதமே மன்றம் அதை நிறைவேற்றியது. கேரளத்துக்கு அடுத்து தமிழ்நாடு. செய்தி நாடு முழுக்கப் போயிற்று. வெளிநாட்டு ஏடுகள்கூட எழுதின.

இதற்கு அரசைப் பாராட்டத்தான் வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றை இரண்டு ஆண்டு தூங்கவிட்டதும் ஓர் அரசுதான், எழுப்பியதும் ஓர் அரசுதான். இரண்டுக்கும் நடுவே நடந்த ஒரே பெரிய மாற்றம் தேர்தல். எனவே தேர்தலினால் கடைத் தொழிலாளிக்கு ஒரு பயனும் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

ஆனால் எப்படிக் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். அவர்கள் ஓட்டுக்கு அஞ்சிக் கிடைக்கவில்லை. புதிதாக வந்தவருக்கு உடனே செய்து காட்ட ஒரு காரியம் தேவைப்பட்டது, முதலாளி அதை எதிர்க்கவில்லை, அதனால் கிடைத்தது. முதலாளி எதிர்க்கிற ஒன்றாக இருந்திருந்தால்?

பிரிவின் வாசகத்தையே பாருங்கள். ஊழியர்களுக்குத் தகுந்த இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் உட்காரும் வாய்ப்பு வரும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், நாள் முழுக்கக் காலிலேயே நிற்பதைத் தவிர்க்கலாம் என்பது சாரம். வாய்ப்பு வந்துவிட்டதா இல்லையா என்று யார் முடிவு செய்வது? கடைக்குள் அதற்கு ஒரே பதில்தான். தளத்தில் நிற்கிற சூப்பர்வைசர்.

மூலச் சட்டத்தில் முதல் தடவை தவறுக்கு எழுதியிருந்த உச்ச அபராதம் 25 ரூபாய். 1947-இல் அது ஒரு கடைப் பையனின் மாதச் சம்பளத்தைத் தொடுகிற தொகையாக இருந்திருக்கலாம். இன்று ஒரு ஸ்டூல் வாங்கவும் போதாது. தாலுகாவுக்குத் தாலுகா கடைகளைப் பார்க்க வேண்டிய தொழிலாளர் உதவி ஆய்வாளர் எடைக்கற்களையும் பார்க்க வேண்டும், பொட்டலத்தில் அச்சிட்ட விலையையும் பார்க்க வேண்டும், குழந்தைத் தொழிலாளரையும் தேட வேண்டும்.

சில கடைகளில் ஸ்டூல் வந்தது. கூட்டம் குறைந்த நேரத்தில் ஊழியர்கள் உட்கார்ந்திருப்பதை நாமே பார்க்கிறோம். சில கடைகளில் ஸ்டூலின் மேல் அட்டைப்பெட்டி இருக்கிறது.

*

கேட்காமல் போனது

நாற்காலி கிடைத்தது. சம்பளம்?

இங்கேதான் கதை முடிச்சுப் போடுகிறது.

குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் முன்வடிவை 1946 ஏப்ரலில் மத்திய சட்டசபையில் வைத்தவர், அன்றைய தொழிலாளர் துறை உறுப்பினர் அம்பேத்கர். 1948-இல் அது சட்டமானது. அதன் முதல் அட்டவணையில் அரிசி ஆலை, புகையிலை, தோட்டம், எண்ணெய் ஆலை, கல் உடைப்பு என்று பல இருந்தன. கடை இல்லை. மாநிலங்கள் விரும்பினால் சேர்க்கலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். தமிழ்நாடு அப்படித்தான் கடைகளைச் சேர்த்தது.

சம்பளத்தை உயர்த்துவது எப்படி? ஐந்து ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் அரசு திருத்த வேண்டும். ஆட்சிக்கும் ஐந்து, சம்பளத்துக்கும் ஐந்து. ஆனால் இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடுவதில்லை. சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு கிடையாது. குழு அமைத்து ஆலோசனை கேட்கலாம். இல்லையென்றால் வரைவை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். இடையில் சென்னை நகர விலைவாசிக் குறியீட்டை வைத்து ஆண்டுதோறும் ஏப்ரலில் அகவிலைப்படி நகரும்.

அந்த இரண்டு மாதத்தில் ஆட்சேபம் எழுதுவது யார்? அரசிதழ் வாசிப்பவர். வக்கீல் வைத்திருப்பவர். சங்கம் வைத்திருப்பவர். வணிகர்களுக்குச் சங்கம் உண்டு, மே 5-இல் வணிகர் தினம் உண்டு, மாநாடு உண்டு. அந்த மேடையில் முதல்வர்களே ஏறிப் பேசியிருக்கிறார்கள். அதில் தவறு இல்லை. சிறு கடைக்காரரும் உழைப்பாளிதான், பெரிய நிறுவனங்களோடு மல்லுக்கட்டுகிறவர்தான். அவர் திரண்டார், அவருக்குக் காது கிடைத்தது. அவர் கடையில் நிற்பவருக்கு அப்படி ஒரு நாளும் இல்லை, மேடையும் இல்லை.

இதற்கு ஓர் எதிர்ச்சான்றும் உண்டு. 2023 ஏப்ரல் 21. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கம்யூனிஸ்டுகள், சிறுத்தைகள் என்று ஆளும் கூட்டணியின் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்று நாளில் நிறுத்திவைப்பு. மே தினத்தன்று முதல்வரே திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அடுத்த மக்களவைத் தேர்தலுக்கு ஓர் ஆண்டுதான் இருந்தது. கூட்டணி கலையக் கூடாது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2022 ஜூனில், 24 மணி நேரக் கடை ஆணையின் மூன்று ஆண்டு முடிந்தது. ஆட்சி மாறியிருந்தது. நாற்காலி தந்த அரசு. என்ன செய்தது? மேலும் மூன்று ஆண்டுக்கு நீட்டித்தது. 2025-இல் மறுபடியும் நீட்டிப்பு.

வெளிநடப்பு இல்லை. கொதிப்பு இல்லை. ஆட்சிக்கு ஆட்சி மாறாமல் வந்த கொள்கை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம். ஆலைக்குச் சங்கம் இருந்தது, சங்கத்துக்குக் கட்சி இருந்தது, கட்சிக்குக் கூட்டணியில் இடம் இருந்தது. கடைக்கு முதல் படியே இல்லை.

*

இப்படிச் சொல்லும்போது ஒரு வாசகர் குறுக்கே கேட்கலாம். எல்லாக் கடைத் தொழிலாளர்களும் சிதறித்தானா கிடக்கிறார்கள்? ஒரே முதலாளி, மாநிலம் முழுக்கக் கிளை, ஒரே சம்பள விகிதம், சங்கமும் உண்டு, அப்படி ஒரு கடை தமிழ்நாட்டில் இல்லையா?

இருக்கிறது. பச்சைப் பலகை. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்டது. மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் என்று ஆயிரக்கணக்கானோர் தொகுப்பூதியத்தில் அந்தக் கவுண்ட்டர்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள். அவர்களுடைய சம்பளத்தை வணிகர் சங்கம் தீர்மானிப்பதில்லை, சட்டமன்றத்தில் அமைச்சர் எழுந்து அறிவிக்கிறார். 2025 ஏப்ரலில் மாதத்துக்கு 2,000 ரூபாய் உயர்வு அறிவிக்கப்பட்டது. அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு அப்போது ஓர் ஆண்டு பாக்கி.

ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் அதே கடையை மூடுவோம் என்ற வாக்குறுதியும் வருகிறது. 2016-இல் ஜெயலலிதா மீண்டும் பதவியேற்ற நாளிலேயே 500 கடைகளை மூட உத்தரவிட்டார். 2017-இல் இன்னொரு 500. 2023-இல் மறுபடியும் 500.

ஓட்டுக் கேட்டு வருகிறவரே முதலாளியாக இருக்கும்போது, கடையில் நிற்பவரின் கை ஓங்குமா, இன்னும் தாழுமா?